பூட்டில்லாத பெட்டகம்: வளைகுடாத் தமிழ்ப் பிள்ளைகளும் ரோபோ நிரலாக்கமும்

பாலைவனத்து ஒட்டகப் பந்தயத்தை வளைகுடாவில் வாழும் தமிழர் பலரும் நேரிலோ தொலைக்காட்சியிலோ ஒருமுறையேனும் கண்டிருப்பர். விரைந்தோடும் ஒட்டகத்தின் முதுகில் சிறு பெட்டி போன்ற கருவி ஒன்று அமர்ந்திருக்கும். தடத்தை ஒட்டிக் காரில் பறக்கும் உரிமையாளர் பொத்தானை அழுத்த, அக்கருவியின் சாட்டை சுழலும். காண்பதற்கு வேடிக்கையான இக்காட்சிக்குப் பின்னால் ஒரு கண்ணீர்க் கதை உண்டு. முன்னாளில் அந்த முதுகில் அமர்த்தப்பட்டவர்கள் பச்சிளம் சிறுவர்கள். பாகிஸ்தான், வங்கதேசம், சூடான், மொரிட்டானியா முதலிய நாடுகளின் ஏழைக் குடும்பங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள்.

2005 ஆம் ஆண்டில் ஐக்கிய அரபு அமீரகம் 18 வயதுக்கு உட்பட்டோரைப் பந்தய ஒட்டகத்தில் ஏற்றுவதைச் சட்டத்தால் தடை செய்தது. யுனிசெஃப் அமைப்பின் துணையுடன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர்கள் தத்தம் தாயகத்துக்கு அனுப்பப்பட்டனர். கத்தார் நாட்டுக்காகச் சுவிட்சர்லாந்தின் கே-டீம் நிறுவனம் வடிவமைத்த ரோபோவும், அதைத் தொடர்ந்து வந்த எளிய கருவிகளும் அச்சிறுவர்களின் இடத்தில் அமர்ந்தன.

ஏழைப் பிள்ளையை ஆபத்திலிருந்து இறக்கிவிட்ட எந்திரம் போற்றுதலுக்குரியது. ஆயினும் இந்நிகழ்வில் இன்னொரு செய்தியும் அடங்கியுள்ளது. தெற்காசியரின் பங்கு ஒட்டகத்தின் முதுகில் அமர்வதாக இருந்தது. எந்திரத்தை ஆக்கும் மூளையும் கையும் ஐரோப்பாவில் இருந்தன. இருபது ஆண்டுகள் கடந்துவிட்ட இன்று, அந்தப் பங்கீடு மாறியிருக்கிறதா? வளைகுடாவில் பிள்ளைகளை வளர்க்கும் ஒவ்வொரு தமிழ்ப் பெற்றோரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

சூழ்ந்து வரும் எந்திரங்கள்

துபாய் மெட்ரோ 2009 செப்டம்பர் 9 அன்று ஓடத் தொடங்கிய நாள் முதல் ஓட்டுநர் இன்றியே ஓடுகிறது. அபுதாபியின் சுவைஹான் பாலையில் 2019 இல் இயங்கத் தொடங்கிய நூர் சூரிய மின் நிலையத்தில் 32 லட்சம் தகடுகள் உள்ளன. அவற்றின் மீது படியும் புழுதியைத் துடைப்பவை, நீரின்றித் தூரிகையால் துடைக்கும் ரோபோக்கள். அமீரகத்தில் சூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை வெயிலில் வேலை செய்யும் தொழிலாளருக்கு நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை ஓய்வு கட்டாயம். தகடு துடைக்கும் எந்திரத்துக்கு அந்த ஓய்வும் தேவையில்லை, விசாவும் தேவையில்லை, ஊருக்குப் போக விடுப்பும் தேவையில்லை.

துபாய் அரசு 2022 செப்டம்பரில் அறிவித்த ரோபோ மற்றும் தானியங்கித் திட்டத்தின் இலக்கு, பத்தாண்டுகளில் 2 லட்சம் ரோபோக்களைப் பணியில் அமர்த்துவது. 2017 அக்டோபரில் ரியாத் மாநாட்டில் 'சோஃபியா' என்னும் ரோபோவுக்குச் சவூதி அரேபியா குடியுரிமை வழங்கியதாக அறிவித்தது. முப்பது ஆண்டுகள் உழைத்து, பிள்ளைகளையும் அங்கேயே பெற்றெடுத்த தொழிலாளருக்குக் கனவிலும் கிட்டாத ஒன்று, ஒரு பொம்மைக்கு மேடையில் கிட்டியது!

இதைக் கண்டு புலம்புவதில் பயனில்லை. கிடங்கில் பெட்டி தூக்குதல், துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குதல், கண்ணாடிக் கோபுரங்களைத் துடைத்தல் என இன்று தமிழ்க் கைகள் செய்யும் வேலைகள் பலவும் நாளை எந்திரத்தின் கைக்கு மாறக்கூடும். அந்த எந்திரங்களுக்கு நிரல் எழுதவும், அவற்றைப் பழுது நீக்கவும், மேம்படுத்தவும் ஆட்கள் தேவைப்படுவர். அந்த இடத்தில் அடுத்த தலைமுறை நிற்குமா என்பதே வினா.

பெட்டியும் சான்றிதழும்

பெற்றோர் சும்மா இருக்கவில்லை என்பதும் உண்மையே. ஷார்ஜாவிலும் தோஹாவிலும் மஸ்கட்டிலும் வார விடுமுறை நாட்களில் ரோபோ வகுப்புகள் நிரம்பி வழிகின்றன. வண்ண வண்ணத் துண்டுகளை இணைத்துப் பிள்ளை ஒரு வண்டி செய்கிறது. கோட்டின் மீது அதை ஓடவிடுகிறது. கழுத்தில் பதக்கமும் கையில் சான்றிதழும் பெறுகிறது. தொடக்கப் படியாக இது நல்லதே. 2019 அக்டோபரில் துபாயில் ஏறத்தாழ 190 நாடுகளின் மாணவர் அணிகள் கூடிய ஃபர்ஸ்ட் குளோபல் போட்டி போன்றவை இளையோரின் ஆர்வத்தை வளர்த்திருக்கின்றன.

ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் அந்த முதற்படியிலேயே நின்றுவிடுகின்றனர். பெட்டியில் உள்ள மென்பொருள் அந்தப் பெட்டிக்கு மட்டுமே உரியது. உள்ளே என்ன நடக்கிறது என்று திறந்து பார்க்க வழியில்லை. அடுத்த நிலைக்கு அடுத்த பெட்டி வாங்க வேண்டும். மூன்று ஆண்டுகள் கட்டணம் செலுத்திய பின்னும், "இந்தச் சக்கரம் எவ்வாறு தன் இருப்பிடத்தை அறிகிறது?" என்று கேட்டால் விழிக்கும் பிள்ளைகள் உண்டு. குறை பிள்ளையிடம் இல்லை. பூட்டிய பெட்டியைக் கொண்டு படிக்கவைத்ததில்தான் உள்ளது.

இதற்கு மாற்றாக, உலகின் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் பயன்படுத்தும் அதே கருவி, பூட்டில்லாமல் பொதுவெளியில் கிடக்கிறது. அதற்கு விலை கிடையாது.

ராஸ் என்னும் பொதுச் சொத்து

'ரோபோ ஆபரேட்டிங் சிஸ்டம்' என்பதன் சுருக்கமே 'ராஸ்'. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களின் முயற்சிகளில் கருக்கொண்டு, 2007 முதல் கலிபோர்னியாவின் வில்லோ கராஜ் ஆய்வகத்தில் வளர்ந்தது. அதற்கு முன்பு ரோபோ ஆய்வில் ஈடுபட்ட ஒவ்வொரு குழுவும் அடிப்படை நிரல்கள் அனைத்தையும் தாமே முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது. ஒருவர் செய்ததையே மற்றவரும் செய்து காலம் கழித்தனர். இந்த வீண் உழைப்பை ஒழிக்கவே மூல நிரலைத் திறந்துவைத்தனர். 2010 இல் வில்லோ கராஜ் தனது பி.ஆர்.2 ரோபோக்களை 11 ஆய்வு நிறுவனங்களுக்கு வழங்கியது. அவர்கள் எழுதும் நிரலைப் பிறருடன் பகிர வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. பின்னாளில் அந்த ஆய்வகம் மூடப்பட்டது. ராஸ் மட்டும் மூடப்படவில்லை. திறந்துவைக்கப்பட்ட அறிவுக்கு உரிமையாளர் மறைந்தாலும் அழிவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதன் செயல்முறை எளிதில் விளங்கக்கூடியது. ஒரு ரோபோவின் வேலைகள் சிறு சிறு நிரல்களாகப் பிரிக்கப்படுகின்றன. ஒன்று கேமராவைக் கவனிக்கும். ஒன்று சக்கரத்தைச் சுழற்றும். ஒன்று அறையின் வரைபடத்தை வரையும். இவற்றுக்கு 'நோட்' என்று பெயர். ஒவ்வொன்றும் தான் அறிந்ததை ஒரு தலைப்பின் கீழ் உரக்க அறிவிக்கும். தேவைப்படும் நிரல் மட்டும் அதைக் கேட்டுக்கொள்ளும். கலியாணப் பந்தியில் சாம்பார் வாளியுடன் வருபவர் குரல் கொடுக்க, வேண்டியவர் மட்டும் கேட்டு வாங்கிக்கொள்வதைப் போன்றது இது. வாளி ஏந்துபவர் மாறினாலும் பந்தி நிற்பதில்லை. அதுபோல் பழைய கேமராவை நீக்கிப் புதியதைப் பொருத்தினாலும் மற்ற நிரல்களைத் தொட வேண்டியதில்லை.

இதற்குத் துணையாகக் கெசிபோ என்னும் மற்றொரு திறமூல மென்பொருள் உண்டு. 2002 இல் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டது. ஈர்ப்பு, உராய்வு, மோதல் அனைத்தும் உள்ள மெய்நிகர் உலகத்தைக் கணினித் திரையில் அது படைத்துத் தருகிறது. ரோபோ வாங்கப் பணமில்லாத பிள்ளையும் அங்கே ரோபோ ஓட்டலாம். ட்ரோன் பறக்கவிடப் பதிவும் அனுமதியும் வேண்டும் வளைகுடா நாடுகளில், மெய்நிகர் வானில் பறக்கவிட எவரிடமும் கையேந்த வேண்டியதில்லை.

அபுதாபி அளித்த பாடம்

இவை பொழுதுபோக்குக் கருவிகள் என்று எண்ணுவோர் அபுதாபியை நோக்க வேண்டும். முகமது பின் சாயித் பன்னாட்டு ரோபோ போட்டி 2017 மார்ச்சில் யாஸ் மரீனா களத்தில் நடந்தது. ஓடும் வாகனத்தின் மீது ட்ரோன் தானே இறங்க வேண்டும். தரை ரோபோ தகுந்த திருகியைத் தானே தேர்ந்தெடுத்து வால்வைத் திருக வேண்டும். பெரும்போட்டியில் முதலிடம் பெற்ற ஜெர்மனியின் பான் பல்கலைக்கழக அணியின் மென்பொருள் ராஸ் மீது எழுப்பப்பட்டதே. 2020 போட்டியில் முன்னணியில் நின்ற பிராகா நகரின் செக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு, தன் ட்ரோன் நிரல்களை எவரும் எடுத்துக்கொள்ளத் திறந்துவைத்துள்ளது. 2024 இல் நிறைவுற்ற கடல்சார் போட்டியிலோ, அணிகள் முதலில் கெசிபோவின் மெய்நிகர்க் கடலில் தம்மை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அந்த மெய்நிகர்க் களத்தின் மூல நிரலும் பொதுவில் உள்ளது.

வென்ற கோப்பைகள் ஐரோப்பாவுக்குப் பறந்தன. ஆனால் வென்றவர்கள் கையாண்ட கருவி, அப்போட்டி நடந்த இடத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், முசஃபாவின் அடுக்குமாடி வீட்டில் அமர்ந்திருக்கும் பதினாறு வயதுத் தமிழ்ப் பிள்ளைக்கும் அன்றே கிடைத்திருந்தது. இல்லாதது வழிகாட்டலே.

கூடவே வரும் கல்வி

வளைகுடாத் தமிழ்க் குடும்பத்தின் வாழ்வு விசாவின் காலக்கெடுவோடு கட்டப்பட்டது. சவூதி அரேபியா 2017 சூலையில் குடும்பத்தினர் ஒருவருக்கு மாதம் 100 ரியால் என்று தொடங்கிய கட்டணத்தை ஆண்டுதோறும் உயர்த்தி, 2020 இல் 400 ரியால் ஆக்கியது. தாங்க இயலாத எத்தனையோ குடும்பங்கள் பள்ளிப் படிப்பின் நடுவிலேயே பிள்ளைகளை ஊருக்கு அனுப்பின. 2020 இன் பெருந்தொற்றுக் காலத்தில் வேலையிழந்து திரும்பியோர் பலர். அமீரகத்தில் மகனைப் பெற்றோர் தம் விசாவில் வைத்திருக்கும் வயது வரம்பு 2022 அக்டோபரில் 25 ஆக உயர்த்தப்பட்டது ஆறுதலே. ஆயினும் வரம்பு வரம்புதான்.

இத்தகைய வாழ்வில், துபாயில் கட்டணம் செலுத்திய வகுப்பு கீழக்கரைக்கோ அதிராம்பட்டினத்துக்கோ உடன் வராது. ராஸ் வரும். அதே மடிக்கணினியில், அதே நிரலை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வளைகுடாத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென அண்ணா பல்கலைக்கழகத்தில் தனி இடங்கள் உண்டு, என்.ஐ.டி. போன்ற நடுவண் நிறுவனங்களிலும் தாசா திட்டத்தின்கீழ் உண்டு. அவ்வழியில் பொறியியல் சேரும் மாணவர், முதல் நாளிலேயே ராஸ் அறிந்தவராக நுழைந்தால் ஆய்வுக்கூடத்தின் கதவு அவருக்கு எளிதில் திறக்கும்.

கற்கும் வழி

இது எளிதன்று. பத்து நாளில் ரோபோ வல்லுநர் ஆக்குவதாகக் கூறும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். ஒன்பதாம் வகுப்பு மாணவர் முறையாகத் தொடங்கினால் பள்ளி முடிக்கும்போது உறுதியான நிலையை எட்டலாம்.

முதலில் லினக்ஸ் பழக வேண்டும். உபுண்டு 24.04 பதிப்பை நிறுவி, கட்டளை வரியில் அஞ்சாமல் தட்டச்சு செய்யக் கற்பது முதற்படி. அடுத்தது பைத்தான், பின்னர் சி பிளஸ் பிளஸ். அதன்பின் ராஸ் 2 இன் 'ஜாஸி' பதிப்பை நிறுவலாம். 2024 இல் வெளிவந்த அதற்கு 2029 வரை ஆதரவு உண்டு. திரையில் ஊரும் சிறு ஆமையைச் சதுரம் வரையச் செய்வதே அங்கு முதற்பாடம். ஆமையை ஏளனம் செய்ய வேண்டாம். செய்தி அனுப்புதல், பெறுதல், சேவை கோருதல் ஆகிய அடிப்படைகள் அனைத்தும் அதில் அடக்கம்.

அடுத்து, கெசிபோவில் சக்கர ரோபோவை ஓட்டி, அது செல்லும் அறையின் வரைபடத்தைத் தானே வரையச் செய்யலாம். நேவ்2 என்னும் தொகுப்பு தடைகளைத் தவிர்த்து வழி காண உதவும். மூவ்இட் என்னும் தொகுப்பு எந்திரக் கையின் அசைவைத் திட்டமிடும். இறுதியில், ஒரு ராஸ்பெரி பை, இரண்டு மோட்டார்கள், ஒரு லேசர் உணரி கொண்டு மெய்யான வண்டியைச் செய்யலாம். திரையில் நேர்கோட்டில் ஓடிய வண்டி, வீட்டுக் கம்பளத்தில் சறுக்கி வளைந்து ஓடும். ஏன் என்று தேடும் அந்த இரவுகளில்தான் உண்மையான பொறியாளர் பிறக்கிறார்.

பதினொன்றாம் வகுப்பில் "இது எதற்குப் பயன்?" என்று சலிப்பூட்டும் அணிகளும் முக்கோணவியலும் நிகழ்தகவும் இங்கே உயிர்பெறுகின்றன. எந்திரக் கையின் விரல் நுனி எங்கே இருக்கிறது என்பதை அணிப் பெருக்கல் சொல்கிறது. பிழை மலிந்த அளவீடுகளிலிருந்து உண்மைக்கு நெருங்கிய இருப்பிடத்தைக் கணிப்பதற்கு 1960 இல் ருடால்ஃப் கால்மன் வகுத்த வடிகட்டி உதவுகிறது. கணக்கைத் தவிர்த்து ரோபோ கற்க இயலாது. ரோபோவின் வழியே கணக்கை விரும்ப இயலும்.

பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய ராஸ் 1 இன் இறுதிப் பதிப்பான 'நோயெட்டிக்' 2025 மே மாதத்துடன் ஆதரவு முடிந்தது. பழைய கெசிபோவும் 2025 சனவரியுடன் நிறைவுற்றது. இன்றும் அவற்றையே பாடமாக நடத்துவோர் உண்டு. கட்டணம் செலுத்தும் முன், எந்தப் பதிப்பு என்று கேட்டறிவது நலம்.

தமிழில் இயலுமா?

ராஸ் ஆவணங்கள் ஆங்கிலத்தில் உள்ளன. அவற்றைப் படிக்க ஆங்கிலம் வேண்டும். ஆயினும் கருத்தைத் தாய்மொழியில் உள்வாங்கும் பிள்ளை அதை மறப்பதில்லை. தமிழில் கட்டற்ற மென்பொருள் எழுத்துக்கு வித்திட்டவர்கள் ஏற்கெனவே உள்ளனர். கணியம் தளம் லினக்ஸ், பைத்தான் முதலியவற்றை விளக்கும் நூல்களைத் தமிழில் இலவசமாக வழங்குகிறது, இரா. அசோகன் எளிய தமிழில் எழுதிய ரோபாட்டிக்ஸ் தொடரும் அங்கே உண்டு. அமெரிக்கவாழ் தமிழரான முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்', தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதும் திறமூல மொழி.

வளைகுடா இளைஞர்கள் இவற்றைப் படிப்பதோடு நில்லாமல், தாம் கற்றதைத் தமிழில் எழுதி வைக்க வேண்டும். ஒரு பிழையை எவ்வாறு நீக்கினோம் என்று பத்து வரி எழுதினால், நாளை நாகூரிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு மாணவருக்கு அது விளக்காகும். திறமூலத்தின் அறமே அதுதான்: பெற்றதைப் பிறர்க்கும் தருவது.

சங்கங்களின் கடமை

வளைகுடாவில் தமிழ்ச் சங்கங்களுக்குக் குறைவில்லை. திரைக்கலைஞர்களை வரவழைத்து நடத்தும் ஒரு நாள் விழாவின் செலவில் ஒரு பகுதி போதும்; பத்துப் பழைய கணினிகளும் இரண்டு சிறு ரோபோக்களும் வாங்கலாம். அந்தந்த நாட்டுச் சட்டப்படி அனுமதி பெற்ற அமைப்பின் அறையில், மாதம் இருமுறை பிள்ளைகள் கூடிக் கற்கலாம். பெருநிறுவனங்களில் பணிபுரியும் தமிழ்ப் பொறியாளர்கள் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கினால், கட்டண வகுப்புகள் தராத கல்வியைத் தர இயலும்.

அந்த அறையின் கதவு, குடும்பத்தோடு வாழும் வசதி பெற்றோரின் பிள்ளைகளுக்கு மட்டும் திறப்பதாக இருக்கக் கூடாது. சோனாப்பூரிலும் அல் கூஸிலும் தொழிலாளர் குடியிருப்புகளில் ஐ.டி.ஐ.யும் டிப்ளமோவும் முடித்த இளைஞர்கள் எத்தனையோ பேர். மோட்டாரையும் மின்கம்பியையும் நாளெல்லாம் கையாளும் அவர்களுக்கு ரோபோவின் உடல் ஏற்கெனவே தெரியும். அதன் மூளையைக் கற்பிக்க ஆளில்லை. எந்திரம் முதலில் இடம் மாற்றப்போவது அவர்களைத்தான். ஆகவே முதல் இருக்கையும் அவர்களுக்கே உரியது.

எதற்காகக் கற்பது?

நல்ல சம்பளத்துக்காகக் கற்பது தவறன்று. 2019 முதல் அமீரகம் வழங்கிவரும் தங்க விசா போன்ற வாய்ப்புகளும் திறனுள்ளோரைத் தேடி வரலாம். ஆனால் அதற்கும் மேலான பயன் ஒன்று உண்டு. கழிவுநீர்த் தொட்டியில் மனிதர் இறங்கி மடியும் கொடுமை, 2013 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னும் தாயகத்தில் ஒழியவில்லை. அதற்கு மாற்றாக ஐ.ஐ.டி. சென்னையின் பேராசிரியர் பிரபு ராஜகோபால் குழுவினர் உருவாக்கிய 'ஹோமோசெப்' ரோபோ 2022 இல் தமிழ்நாட்டில் களமிறங்கியது. ஒட்டகத்தின் முதுகிலிருந்து சிறுவனை இறக்கிய எந்திரத்தைப் போலவே, நச்சுக் குழியிலிருந்து மனிதனை ஏற்றிவிடும் எந்திரம் இது. இம்முறை அதை ஆக்கிய கைகள் சென்னையில் இருந்தன.

இன்னும் ஆக்கப்பட வேண்டியவை பல. கோடை வெயிலில் சாரத்தில் தொங்குவோருக்கும், ஆழ்கடலில் வலை இழுப்போருக்கும், தலையில் செங்கல் சுமப்போருக்கும் துணை நிற்கும் எந்திரங்களை யார் ஆக்குவது? அந்த உழைப்பின் வலியை வீட்டிலேயே கண்டு வளர்ந்த பிள்ளைகளைவிட அதற்குத் தகுதியானவர் வேறெவர்?

வளைகுடாவுக்கு வந்த முதல் தலைமுறை தன் உடலைக் கொண்டு வந்தது. இரண்டாம் தலைமுறை பட்டத்தைக் கொண்டு வந்தது. மூன்றாம் தலைமுறைக்கு முன்னால் பூட்டில்லாத பெட்டகம் ஒன்று திறந்தே கிடக்கிறது. இந்த வார விடுமுறையில் பிள்ளையின் மடிக்கணினியில் அந்தச் சிறு ஆமை ஊரத் தொடங்கட்டும்!